பெரட்டுக்கு இரண்டு ‘டி’

ஜோனிட்டா அக்காவை நான் முதலில் பார்த்தது புக்கிட் பெருவாங்கில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பட்டமளிப்பு விழாவில் அங்கியோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் அங்கி போட்ட முதல் ஆள் நான். அதை மறைத்துவைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தவர், “படத்த கொண்டாந்துட்ட. மாலையும் ஊதுபத்தியும் எங்க தம்பி?” என்றார்.

என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, “சும்மா லா. எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். டுரியான் துங்கால் பக்கம் என்றேன்.

“அப்போ பெரட்டு தெரியும்.”

“தெரியும்க்கா.”

“போதும். என் நிரலப் படிக்க உனக்கு அகராதி வேணாம்.”

மதியம் அந்த நிரலைத் திறந்தபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. மலாக்காவைச் சுற்றி ஆறு செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு நாங்கள் வேலை செய்கிறோம். எந்த லோரி எந்தத் தோட்டத்துப் பழக்குலையைக் கொண்டுவந்தது என்ற பதிவை ஆறு ஆலைக் கணினிகளும் சேர்ந்து வைத்திருக்கும். ஒருவர் மட்டும் கமுக்கமாக மாற்றிவிட முடியாது. பிளாக்செயின் என்பது எங்களுக்கு அவ்வளவுதான். ஆனால் ஆறும் ஒரே வலையாக ஓட வேண்டுமானால் ஆறிலும் ஒரே அமைப்புகள் இருக்க வேண்டும். வலையின் எண், எத்தனை விநாடிக்கு ஒருமுறை பதிவை முத்திரையிடுவது, எந்தெந்தக் கணினிக்கு வாக்கு உண்டு என்பவை. அக்கா வருவதற்கு முன் இவற்றை ஒவ்வோர் ஆலையிலும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆலையில் ஐந்து விநாடி இருக்கும், இன்னொன்றில் ஐம்பது. அக்கா அத்தனையையும் ஒரே நிரல் நூலகத்துக்குள் கொண்டுவந்தார். ஆலைகள் எல்லாம் அந்தப் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அதில் ஒரு பகுதிக்குப் பெரட்டு என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில், perattu என்று இரண்டு ‘டி’ போட்டு. தோட்டத்தில் விடியும் முன் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிக்க, ஆட்கள் ‘இருக்கேன்’ சொல்வார்களே, அதேதான் இங்கும். வலை எழும்பும் முன் ஒவ்வொரு கணினியும் பெயர் கொடுத்துத் தன் அமைப்புகளைக் காட்ட வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் வலை ஓடாது.

எங்கள் குழுத் தலைவர் ஆண்ட்ரூ. பட்டணத்தில் வளர்ந்தவர், அக்கா போகும் அதே சர்ச். அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். “அது என்ன ஜோனி பெரட்டு? பரோட்டாவுக்குத் தங்கச்சியா?” என்று அவர் கேட்காத வாரம் இல்லை. எழுதும்போதும் ஒற்றை ‘டி’தான் போடுவார். அக்கா திருத்திச் சலித்துவிட்டார்.

நூலகத்தில் ஒருவர் திருத்தினால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டுக்கும் ஆளுக்கொரு சாவி, கட்டைவிரல் அளவில், கணினியில் செருகுவது. ‘யார் சாவியோ அவர் கை’ என்று நூலகத்தின் முதல் பக்கத்திலேயே அக்கா எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதியவர்தான் அந்தப் புதன்கிழமை தம் சாவியை ஆண்ட்ரூவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவின் அப்பா மரியசூசை பால்மரத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அவர்தான் பேர் கொடுப்பாராம். கிராணி ‘வீரப்பன்’ என்றதும், வீரப்பன் இன்னும் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருப்பார், இங்கே மரியசூசை குரலை மாற்றி ‘இருக்கேங்க’ என்பார். அக்கா இதை நடித்துக் காட்டினால் மாடியே சிரிக்கும். அன்று அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஏதோ ஓர் ஆலையின் முகவரியைத் திருத்த வேண்டும், மதியம் ஒப்புதல் வேண்டும் என்றார் ஆண்ட்ரூ. “எனக்கும் சேத்து பேர் குடுத்துடுங்கண்ணே” என்று சாவியை நீட்டிவிட்டு அக்கா கிளம்பினார். நான் அப்போது ஆலைக்குப் போயிருந்தேன். இதை அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் வாடிக்கையாளர்கள் பார்க்க வருவதாக இருந்தது. முத்திரை வேகமாக விழுந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அன்று பிற்பகல் ஐந்து விநாடி ஒரு விநாடியாக மாற்றப்பட்டது. மஸ்ஜித் தானா பக்கத்து ஆலையின் பழைய கணினி புதிய தொகுப்பை எடுக்கவில்லை. அதில் இன்னும் ஐந்து. பெரட்டு வலையை ஓட விடவில்லை. உடனே பெரட்டே நீக்கப்பட்டது. வியாழன் காலை அக்காவின் மேசையில் சாவி இருந்தது, கூடவே இரண்டு குவே பலகாரம்.

அந்த ஓர் ஆலை மட்டும் பிரிந்துபோய் இரண்டு நாள் தனியாகப் பதிவு எழுதிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அதன் பதிவும் மற்ற ஐந்தின் பதிவும் ஒத்துப்போகாமல் லோரிகள் வாசலில் நின்றுவிட்டன. குலைகள் வெயிலில் கெட்டன.

திங்கட்கிழமை பாஸ் தனபாலன் எங்களைக் கூப்பிட்டார். மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த அக்காவை ஆகஸ்டில் நிரந்தரமாக்குவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“புதன்கிழமை மூணு பத்துக்கு நீதான் மாத்திருக்க ஜோனிட்டா. ஓகே போட்டது ஆண்ட்ரூ.”

“மூணு பத்துக்கு நான் ஆஸ்பத்திரில பாஸ். சீட்டு இருக்கு.”

“அப்போ உன் சாவி?”

அக்கா ஆண்ட்ரூவைப் பார்த்தார். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “அண்ணே, நீங்களே சொல்லுங்க.” பிறகு பாஸ் பக்கம் திரும்பினார். “அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போனேன் பாஸ். ஓகே போடத்தான் குடுத்தேன். என் பேர்ல எழுதக் குடுக்கல.”

“என்னமா பேசுற?” என்றார் ஆண்ட்ரூ. “என்கிட்ட எப்போ குடுத்த? வீட்டுலருந்து நீ பண்ணேன்னு நம்பித்தானே ஓகே போட்டேன்? தங்கச்சி மாதிரி வெச்சிருந்தேன் உன்ன.”

அந்தத் திருத்தத்தோடு ஒரு வரிக் குறிப்பும் இருந்தது, பெரட்டு தேவையில்லை என்று. திரையைக் காட்டினேன். “பாஸ், இதுல ஒரு ‘டி’தான் இருக்கு. அக்கா மூணு வருஷத்துல ஒரு தடவகூட ஒரு ‘டி’ போட்டதில்ல. தேடிப் பாருங்க.”

ஆண்ட்ரூ சிரித்தார். “ஒரு ‘டி’க்குக் கேஸ் போடுற. டிகிரில இதான் சொல்லிக் குடுத்தானுங்களா பவன்?” ஆனால் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

பாஸ் தேடிப் பார்த்தார். “நான் யார நம்புறேங்கறது வேற. சாவிய குடுத்தேன்னு நீயே சொல்லிட்ட. அந்த ரூல எழுதுனதும் நீ.”

கீழே நிறுத்தியிருந்த காடிக்குப் பக்கத்தில் அக்கா நெடுநேரம் கதவைத் திறக்காமல் நின்றார். “மாத்துனதுகூட போவட்டும். தங்கச்சின்னு சொன்னான் பாரு.” ‘அண்ணன்’ ‘அவன்’ ஆனதை அன்றுதான் கேட்டேன்.

விஷயத்தைக் கேட்ட மரியசூசை, கண்கட்டோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். “நான் பேர் குடுத்தவனுங்க மத்தியானம் வந்து என் நெரையில ரெண்டு மரம் சீவிட்டுப் போவானுங்க. இவன் உன் நெரையவே வெட்டிட்டானே.”

ஜூலையோடு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஆண்ட்ரூ பெரட்டைத் திரும்பச் சேர்த்தார், வேறு பெயரில், ஓர் எழுத்துகூட மாற்றாமல். முதல் பக்கத்திலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். ‘யார் சாவியோ அவர் கை’ மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜோனிட்டா இப்போது மஸ்ஜித் தானாவில் ஒரு மருந்துக் கிடங்கில் கணினி வேலை பார்க்கிறார். தினமும் முக்கால் மணி நேரம் காடி ஓட்டிப் போகிறார். அங்கேயும் ஒப்பந்தம்தான். ஆண்ட்ரூ வரும் சர்ச்சில் வேறு பூசை நேரத்துக்கு மாறிக்கொண்டார்.