மாமாவின் குரோம் தொட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முலாம் பட்டறை வைத்திருக்கும் என் அக்கா புருஷனுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. இருபது வருஷம் குரோம் தொட்டியின் மேல் குனிந்து நின்றதன் பலன். இனி அந்த ஆவியைச் சுவாசிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா அதை ஏதோ சளி பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். அக்கா அழுததைப் பார்க்கச் சகிக்காமல், நிக்கலும் டங்ஸ்டனும் கலந்த முலாம் ஒன்றைக் கற்றுக்கொண்டு ஞாயிறுதோறும் கடலூருக்குப் பஸ் ஏறினேன். நிக்கலும் ஒன்றும் பசும்பால் இல்லை, கையுறை வேண்டும். ஆனால் குரோம் ஆவியின் கொடுமை அதில் கிடையாது, தேய்மானத்தையும் தாங்கும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு டிராக்டரின் ஹைட்ராலிக் கம்பியில் உரியாமல் பிடிக்க வைத்தேன். மாமா ஒரே ஒரு குறைதான் சொன்னார்: குரோமின் நீலப் பளபளப்பு இதில் இல்லையாம். எங்கள் பக்கத்து டிராக்டர்காரர்கள் கம்பியை வாங்கியதும் துண்டால் துடைத்து அதில் முகம் பார்ப்பார்கள். மீசையைக்கூடத் தடவிக்கொள்வார்கள். முகம் கறுத்துத் தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

கரும்பு வெட்டு முடிந்ததும் அந்தக் கம்பியின் சொந்தக்காரர் பட்டறைக்கே வந்து, ஒரு கீறல்கூட விழவில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குரோம் தொட்டியை இன்றைக்கே மூடிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மாமாவின் தோளைத் தட்டினார்.

"குரோம்னா உங்க பட்டறை குரோம்தான்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார்.

நான் சிதம்பரத்துக்குத் திரும்பப் பஸ் ஏறிய கையோடு, பளபளப்புக்காக அந்தக் கம்பியைக் குரோமில் முக்கி எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கம்பியையும் அப்படித்தான். மூக்கைக் காப்பாற்றக் கொண்டுவந்த முலாத்தின் மேலேயே மூக்கைத் தின்னும் முலாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தொட்டியை எட்டி உதைத்திருப்பேன். உள்ளே இருந்தது அமிலம் என்பதால் விட்டேன்.

டிராக்டர்காரர் போனதும் மாமா சமாதானம் சொன்னார்.

"ரெண்டே நிமிஷந்தான் மச்சான். முன்ன மாதிரி நெடியே இல்ல இப்பல்லாம்."

நெடி இல்லையா? தொட்டிப் பக்கம் போன எனக்குத் தொண்டை கமறியது. வாசல் பெஞ்சில் அக்கா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு இருந்தது. தெருமுனை வரை மணக்கிற குழம்பு. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூக்குவாளியைத் திறந்து மூக்கருகே நீட்டினேன். என்ன குழம்பு என்று கேட்டேன்.

நன்றாக இழுத்து மோந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சாம்பார்தான?" என்றார்.