மாதா இருவருக்கும் கொடுத்தாள்

இன்று உடும்பஞ்சோலை பஸ்ஸில் மகளுக்கு போன் வந்தது. நகரத்துப் பெரிய பள்ளியில் கூடைப்பந்துக்காக இலவச ஹாஸ்டல் சீட்.

"வரல சார். நான் போனா எங்க டீம்ல நாலு பேருதான் மிச்சம்" என்று வைத்துவிட்டாள்.

"ஏட்டி, இந்த சீட்டுக்காக மாதாகிட்ட ஒம்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னேனே!"

"நானும் பக்கத்துலதானம்மா முட்டிபோட்டேன். வேண்டாம்னு சொல்ல தைரியம் கேட்டேன். கிரவுண்டுல நிக்கிற மழைத்தண்ணிய கோணிச்சாக்கால ஒத்தியெடுத்து ஆட வைக்கிற கோச்ச எப்படி விட்டுட்டுப் போக?"

பின்சீட்டில் ஏலக்காய் எடுத்துத் திரும்பும் பெண்கள், இவள் ஆட்டம் ஒன்றையும் விடாதவர்கள், "அப்படிச் சொல்லு தாயி!" என்று கைதட்டினார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதா இருவர் கேட்டதையும் கொடுத்துவிட்டாள். இனி நான் யாரிடம் போய் முறையிட? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.