கொசுவலைக்குள் ஒரு குரல்

கையில் வெந்நீர் கொட்டிக்கொண்ட அம்மாவுக்குத் துணையாகக் கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எதிர்க்கட்டிலில், தலைக்கடியில் வாழையிலை விரித்து, கொசுவலைக்குள் ஒரு பெண் படுத்திருந்தார். வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்கும் மருந்து பற்றிக்கொண்டதில் முகமும் கழுத்தும் வெந்துபோயிருந்தன.

நான்கு வயது மகளை உள்ளே விட அவர் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் கணவர் பிள்ளையை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துவார். வலைக்குள்ளிருந்தே, சாப்பிட்டாயா, சடை பின்னியாச்சா என்று விசாரிப்பார். பிள்ளை போனதும் என்னிடம் தினமும் ஒரே கேள்வி.

"யக்கா, என் சத்தம் முந்தி மாதிரிதான இருக்கு?"

முந்தைய குரலை நான் கேட்டதே இல்லை. "அப்படியேதான் இருக்கு" என்பேன். வேறென்ன சொல்ல?

அவர் வீட்டுக்குப் போகிற நாளில் பிள்ளை உள்ளே ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்ததும் அலறி, அப்பாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். அந்தப் பெண் அழவில்லை.

"ஏட்டி, கண்ண மூடிக்கோ. அம்மா பேசுதேன், சத்தம் வார பக்கமா வா."

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டியபடி நடந்துபோய் அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

இடைசெவல் பஸ் வரும்வரை கூட நின்றேன். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அவரும் பேச்சை நிறுத்தவில்லை.