இரண்டாம் பக்கம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் தூறல். ஜன்னல் மேல் தகரத்தில் நிமிடத்துக்கு முப்பது சொட்டுக்கு மேல் விழவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மகன் புதிது வாங்கியதும் ஒதுக்கிவிட்ட பழைய மடிக்கணினி என் முன்னால் இருந்தது. அதன் பழைய சிஸ்டம் நின்றுபோய்விட்டது. பேசும் சிஸ்டம் ஒன்றை நானே அதில் ஏற்றப் போகிறேன்.

எனக்கு வலது கண் தெரியாது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்து தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் சென்னை மருத்துவமனையில் கொடுத்த ரிப்போர்ட்டை மகன்தான் படித்துக் காட்டினான். முதல் பக்கத்தில் பத்தொன்பது வரி, எண்ணிக்கொண்டே கேட்டேன். தாளைத் திருப்பினான். உள்ளே மருமகள் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள். "எல்லாம் நார்மல்பா" என்றான். ஒரு பக்கத்துக்கு இரண்டே வார்த்தை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தாளை எடுத்துப்போய் வேறு யாரிடமாவது நீட்டலாம்தான். ஆனால் என் கண்ணின் கதையை இன்னொருவர் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு, எனக்கு எவ்வளவு சொல்லலாம் என்று யோசிப்பதை மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. நல்லவேளையாக, அன்றே கவுண்டரில் கேட்டு அதைப் பென் டிரைவிலும் வாங்கி வைத்திருந்தேன்.

சிஸ்டம் ஏற்றும் இன்னொரு பென் டிரைவை கூரியரில் அனுப்பியவர் ஓர் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டேன்.

"முதல்ல வர்ற மெனு ஊமை சார். கீழ் அம்பு ரெண்டு தரம், என்டர். அங்க எண்ணிக்கைதான் கண்ணு."

எண்ணுவது எனக்குப் புதிதா? செய்தேன்.

"பீப் கேட்டிச்சா?"

"இல்லம்மா."

"காதைக் கிட்ட வைங்க சார். பந்திக்குக் கூப்பிடுற மாதிரி கையைப் பிடிச்செல்லாம் கூப்பிடாது. ஒரு தரம்தான் கத்தும்."

கேட்டது. 'எஸ்' தட்டி என்டர் அடித்தேன். பதினோரு விநாடி கழித்து மூக்கால் பேசுகிற ஓர் ஆங்கிலக் குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஒவ்வொண்ணும் முழுசா சொல்லி முடிக்கட்டும் சார். அப்புறம் கை வைங்க" என்று வைத்துவிட்டார்.

முதல் சில கேள்விகளுக்கு என்டர் மட்டும் போதுமாக இருந்தது. பிறகு எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்டது. ஒன்று, உள்ளே இருக்கும் டிஸ்க். இரண்டு, 32 ஜிபி பென் டிரைவ். மூன்று, 8 ஜிபி பென் டிரைவ். நான் இரண்டை அழுத்தினேன்.

ஏன் இரண்டு என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வருஷம் பெரிய காஞ்சிபுரத்தில் புடவைக் கரைக்கு டிசைன் அட்டை அடித்தவன் நான். கட்டம் போட்ட தாளைப் பார்த்து ஒருவர் சொல்வார்: "விடு நாலு, அடி ரெண்டு, விடு ஏழு." நாலு துளையை விட வேண்டும், இரண்டு துளையை அடிக்க வேண்டும். எப்போதும் காரியம் முன்னால் வரும், எண் பின்னால் வரும். எண் காதில் விழுந்த அந்த நொடியில் கை இறங்கிவிடும். இந்தக் குரல் தலைகீழ். எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பொருளைச் சொன்னது. "உள் டிஸ்க்" என்றதும் அடுத்து வந்த எண்ணுக்கு என் கை இறங்கியது.

எழுதட்டுமா என்று கடைசியில் கேட்டபோதும் அப்படித்தான். ஆம் என்பதற்கு இரண்டை அழுத்தினேன், அது பின்னால் போய்விட்டது. அப்போதுதான் எண் முன்னால் வருகிறது என்று உறைத்தது. ஒன்றை அழுத்தினேன். முந்தின கேள்வியிலும் அப்படித்தானே செய்திருப்போம் என்று ஏனோ தோன்றவில்லை.

ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மறுபடி இயக்கினேன், பேசியது. ஆனால் ரிப்போர்ட்டைக் காணோம். ஆசிரியைக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க்கு எத்தனை ஜிபின்னு சொல்லிச்சு?"

"முப்பத்திரண்டு."

"நான் அனுப்பினது எட்டு ஜிபி. ரிப்போர்ட் இருந்த டிரைவ் மேலயே வீட்டைக் கட்டிட்டீங்களே சார்! அதை எதுக்கு இப்பவே சொருகி வச்சீங்க?"

ஏற்றியதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் படிக்கத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

சென்னைக்குத் தனியாகப் போக என்னால் முடியாது. இனி மகனிடம்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் அவன் வந்து ஷூவைக் கழற்றுமுன் கேட்டேன்.

"இன்னொரு காப்பி எதுக்குப்பா? பேப்பர் என்கிட்டதான் இருக்குதே."

"அதை நீ படிச்சாச்சு. நான் இன்னும் படிக்கல."

ஒரு ஷூ மட்டும் கீழே விழுந்தது. மற்றது விழ வெகுநேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை பஸ்ஸில் போனோம். பாதி வழியில் அவன் ஆரம்பித்தான். "அப்பா, அந்த ரெண்டாவது பக்கம்..."

"பஸ்ஸுல சொல்லாதே. நானே படிச்சுக்கறேன்."

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான்பா சுத்திக்கினு இருந்தேன்."

"அதான் மெஷினைப் பேச வச்சிருக்கேன். அதுக்குத் தயக்கம் கிடையாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசிரியையைப் போனிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் முழுவதும் முடிந்த பிறகே கையை வைத்து, உள் டிஸ்க்கில் ஏற்றினேன். பிறகு போனை வைத்துவிட்டுப் புதுக் காப்பியைச் சொருகினேன்.

இரண்டாம் பக்கத்தில் ஆறு வரி. நான்காவது வரி: மருந்து போட்டாலும் இடது கண்ணில் இருக்கும் பார்வை தங்கும் என்று சொல்வதற்கில்லை. ஆறாவது வரி: இது நோயாளியின் மகனிடம் விளக்கிச் சொல்லப்பட்டது. மொழி எது தட்டச்சுப் பலகை எது என்று கேட்ட அதே குரலில் படித்தது. நான்காவது வரியை நான்கு முறை படிக்க வைத்தேன். ஆறாவதை ஒரே முறைதான். அறை வாசலில் மகன் நின்றிருந்தான். செருப்புச் சத்தம் வந்து நின்றது, திரும்பிப் போகவில்லை.

"போதும்பா, நிறுத்தேன்."

"உள்ள வந்து உட்காரு" என்றேன். வந்து உட்கார்ந்தான். வெளிச்சத்தை மறைக்கும் நிழலாக இன்னும் தெரிகிறான்.

அந்த ஆறு வரிக்கு ஆன செலவு: கூரியரோடு பென் டிரைவ் ஐந்நூறு. இரண்டு பேருக்குப் போக வர பஸ் இருநூற்று நாற்பது. ஆட்டோ முந்நூறு. நகலுக்கு நூறு. ஆக ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.