பெண்கள் பெஞ்சிலிருந்து வந்த பதில்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில், பத்தாம் வகுப்பு ஜன்னலை ஒட்டித் தொங்கிய கடிகாரத்தின் கீழேதான் நின்றிருந்தேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஹைஸ்கூல் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பையன்களுக்குக் குறைவில்லை. பெண்கள்தான் வயதுக்கு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அடங்கிவிட்டார்கள், என் மகளோடு ஐந்து பேர். அதுவும் குறைந்தால் பெண்களைப் புதுக்கோட்டைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. "பொட்டப்புள்ளையத் தெனம் பஸ்ல ஏத்தி அனுப்ப என்னால ஆகாது. இங்க நடக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லியிருந்தார். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். மகள் பதினொன்றாவது பரீட்சை எழுதிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

ஐந்து பேர் என்றேன். உயிரோடு இருந்தது நாலு பேர்.

மாசியில் அம்மை போட்டு ஒருத்தி போய்விட்டாள். என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். எப்போதும் சளி பிடித்தது போலக் கரகரவென்று ஒரு குரல் அவளுக்கு. அம்மையில் போன வீட்டில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். ஆத்தா எடுத்துக்கொண்டாள், அழுதால் அவளுக்கு ஆகாது என்பார்கள். மேளம் இல்லை, யாருக்கும் சொல்லி அனுப்பவும் இல்லை. சத்தமில்லாமல் கொண்டுபோனார்கள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லையே என்று பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை அடிக்காமல் விட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போதும், வருஷம் முடியும்போதும் எண்ணிக்கை நிற்க வேண்டுமே.

"வாத்தியாரு தெனமும் அவ பேரையும் கூப்பிடுறாரும்மா" என்றாள் மகள், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. "கூப்பிட்டுட்டுச் செத்த நேரம் நிறுத்துறாரு. கிளாஸே மூச்சு விடாம இருக்கும். அதுக்கப்புறந்தான் அடுத்த பேரு. அடுத்தது எம்பேரும்மா."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பெண்பிள்ளைகளின் தாய்மாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். "பொண்ணுகள எண்ண வாராராம். பிடிச்சிருந்தா தட்டு மாத்திக்கலாமான்னு கேளுங்கடி" என்றாள் ஒருத்தி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். உள்ளே, இறந்தவளின் இடத்தில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தாவணி சுற்றி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். வழக்கம்போல நிறுத்தினார்.

"உள்ளேன் ஐயா."

எங்கள் சிரிப்பு நின்றது. அதே கரகரப்பு. என் பக்கத்தில் நின்றவள் என் முழங்கையைப் பிடித்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன். எழுந்து நின்றது தாவணிக்காரி இல்லை, என் மகள்.

அடுத்து அவளுடைய சொந்தப் பெயர். அவள் அசையவில்லை. தாவணிக்காரிக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று எழுந்து அதற்கு "உள்ளேன் ஐயா" என்றாள். இன்ஸ்பெக்டருக்குக் கணக்குச் சரியாக இருந்தது. தலையசைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டால் பார்த்தாள். சோறு வைத்தால் சாப்பிட்டாள். பேச்சு மட்டும் இல்லை. திருமயத்திலிருந்து வந்த டாக்டர் காய்ச்சல் இல்லை, பயந்திருக்கிறாள் என்றார். பக்கத்து வீட்டில் வேப்பிலை கொண்டுவந்து நிலையில் செருகினார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், முதல் மணி அடித்துச் சற்று நேரம் கழித்து, யாரோ வாசலில் நிற்பது போலத் தலையைத் தூக்கினாள். "உள்ளேன் ஐயா" என்றாள். அவள் குரலில் இல்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த நேரத்தில் அங்கே வகுப்பில் எந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பெயரை அடித்தால் பெஞ்சு போய்விடும். பெஞ்சு போனால் படிப்பு போய்விடும்.

மகள் இப்போது வாத்தியார் டிரெயினிங் பள்ளியில் படிக்கிறாள். லீவில் வந்தால், அடுப்படியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிற வரை கரண்டியை அசைக்காமல் நிற்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்து போன அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, முதல் மணி அடித்தது. நான் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் கடந்தது. அவள் தலை தூக்கவில்லை. அப்போது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. இறந்த பெண்ணின் அம்மா. மாசிக்குப் பிறகு அவர் தெருவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. கால் முழுக்கப் புழுதி. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். நேரே போய் என் மகள் எதிரில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, அழக்கூடாது என்றிருந்த அழுகையை எல்லாம் எங்கள் வீட்டில் அழுதார். மகளும் சேர்ந்து அழுதாள், அவளுடைய சொந்தக் குரலில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மணியடிச்சதும் எங்க வீட்டுலயும் அவ பொஸ்தகப் பொட்டி மூடி தொறக்கிற சத்தம் கேக்கும்ங்க. தெனம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவ எப்படிப் போவா? அதான் பேர அடிக்கச் சொல்லிட்டு வாரேன். ஒண்ணு கொறையுமேம்மான்னாரு ஹெட்மாஸ்டரு. எங்க வீட்டுலயுந்தான் கொறைஞ்சுபோச்சு சார்ன்னேன்."