வலப்பக்கத்து ட்ரம்

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கொரு புதுப் பழக்கம். யாருடைய காரில் ஏறினாலும், முன்னால் சிவப்பு லைட் தெரிந்தவுடன் என் வலது கால் தானாக விரிப்பை அழுத்துகிறது. பிரேக் இல்லாத பக்கத்தில் இருந்துகொண்டு பிரேக் பிடிக்கிறேன்!

என் கணவரின் தங்கை வசந்தி, கல்யாணங்களுக்கு மணமக்கள் இருக்கும் அலங்கார மணவறையை வாடகைக்குக் கொடுப்பவள். வானுக்குப் பின்னால் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு மிசிசாகா, அஜக்ஸ் என்று ஊர் ஊராக ஓடித் திரிவாள். அந்த ட்ரெயிலருக்குத் தனியாக பிரேக் உண்டு. வானில் மிதித்தால் கரண்ட் போகும்; ஒவ்வொரு சில்லின் நடுவிலும் சுற்றும் ட்ரம்முக்குள் இருக்கும் காந்தம் இழுத்துப் பிடிக்கும்.

போன மாதம் இடப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணன் என்கிற மாதிரி நாங்கள் நானா என்று கூப்பிடும் ரிஸ்வான் நானாவின் கராஜுக்குப் போனோம். காந்தம் தேய்ந்துவிட்டது என்றார்.

"ரெண்டு பக்கமும் முழு செட்டா மாத்திருவம், தங்கச்சி."

வசந்தி ஓம் என்று தலையாட்டினாள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"வலது நல்லாத்தானே பிடிக்குது? நல்லாக் கிடக்கிறதை ஏன் கழட்டுவான்?"

உங்களுக்குத் தெரியும்தானே... எதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் இந்த நாட்டு வழக்கத்தை நான் எழுதும் இதே பக்கத்தில் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்!

"திறந்தாவது பாக்கட்டா?" என்றார் நானா.

"வேண்டாம் நானா, நேரம் போகுது." அதுவும் நான்தான்.

இடப்பக்கக் காந்தத்தை மட்டும் மாற்றினார்.

போன சனி காலை அஜக்ஸில் ஒரு கல்யாணம். உதவிக்கென்று நானும் வானில் ஏறினேன். 401 நெடுஞ்சாலையில், நடு லேனில் போகிறோம். திடீரென முன்னால் போன லொறியின் பிரேக் லைட்டுகள் எரிந்தன. வசந்தி மிதித்தாள்.

பின்னாலிருந்து யாரோ பிடித்து முறுக்கியது போல ஒரு இழுப்பு. என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன் — ட்ரெயிலரின் வால் வலப்பக்கமாக வீசிக்கொண்டு போகிறது. அங்கே ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார். ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. பின்னால் பிள்ளைகளை இருத்தும் சீற்...

"வசந்தி! வலப்பக்கம்!"

கத்தினேனா, கத்த நினைத்தேனா, இன்னும் தெரியாது.

அவள் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாள். லொறி கிட்ட வந்துகொண்டிருக்கிறது, இவள் பிரேக்கை விடுகிறாள்! நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீளமாக ஒரு ஹோர்ன். பிறகு, பிரேக் விட்டதால் ட்ரெயிலர் நேராகிற அசைவு. விட்டு விட்டு மிதித்தாள்... கண்ணைத் திறந்தபோது லொறியின் பின்கதவு எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றது.

சாம்பல் கார் வீதியோரத்துக்கு ஏறித் தப்பி, நிற்காமல் போய்விட்டது. அந்தச் சீற்றில் பிள்ளை இருந்ததா? தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நாங்களும் ஓரமாக ஒதுங்கினோம்.

"மச்சாள், தண்ணி இருக்கோ?" வசந்தி கேட்டது அவ்வளவுதான். போத்தலை எடுத்து நீட்டினேன்.

ஒரு வாடகை லொறியைக் கூப்பிட்டு மணவறையை அனுப்பினோம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ட்ரெயிலரை இன்னொரு வண்டியில் ஏற்றி நானாவிடம் கொண்டுபோனோம்.

வலப்பக்க ட்ரம்மைக் கழற்றினார். உள்ளே கறுப்பாகக் கிரீஸ். கிரீஸை அடைத்து வைக்கும் சீல் கசிந்து, ட்ரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ முழுக்க ஊறிப்போயிருந்தது. புது இடப்பக்கம் இறுக்கிப் பிடிக்க, வலப்பக்கம் வழுக்கியிருக்கிறது. ட்ரெயிலர் திரும்பாமல் என்ன செய்யும்?

"துடைச்சுப் போட ஏலாதோ, நானா?"

கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான்!

நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். "துடைக்கலாம் தங்கச்சி. சூடானா, ஊறின கிரீஸ் திரும்ப வெளிய வரும். அந்த நேரம் நீங்க எந்த ரோட்டில நிப்பீங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

இரண்டு பக்கமும் முழுதாக மாறியது. சீலும் புதிது.

திருத்துவது பிழையென்று இப்போதும் சொல்லமாட்டேன். திருத்துவதா மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் திறந்து பார்க்க வேண்டும். பார்க்காமலே "நல்லாக் கிடக்கு" என்றேனே, அது சிக்கனமா? வெறும் வாய்ப்பேச்சு.

வசந்தி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை — அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.