கவர் பிரிக்காத ஜாக்கெட்டுகள்

நான் நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இன்று என் படகுத்துறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு வணக்கம் வைக்கிறார்கள். இந்த ஏரியில் ஓடுகிற பதினான்கு விசைப்படகில் பதினொன்று என்னுடையது. படகுக்குள் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டுகிற வேலையில் ஆரம்பித்தேன். எவனும் கைதூக்கி விடவில்லை, நானாகத்தான் ஏறினேன். என் கதையை எழுதினால் நாலு நோட்டுப் போதாது. ஆனால் இது என் கதை இல்லை. என் தங்கை புருஷனுடைய கதை.

ஏரிக்கரையில் அவனுக்குப் பெயர் ஆணி. உடம்பு அப்படி. சட்டை அவன்மேல் மாட்டித் தொங்கும். படகோட்டிகள் கிண்டல் பண்ணுவார்கள்:

"காத்து அடிக்குது, ஆணியைப் புடிச்சுக் கட்டுங்கடா."

"என்னைக் கட்டிப் போட்டா உங்க இன்ஜினை யாரு பாப்பா? உங்க மாமனாரா?" என்பான் அவன், கையிலிருக்கும் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவனைப் போல இன்ஜின் பார்க்கத் தெரிந்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓடுகிற இன்ஜின்மேல் நீளமான திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வான். கண்ணை மூடுவான். "ரெண்டாவது பிளக் வீணாப் போச்சு" என்பான். கழற்றிப் பார்த்தால் அதுவேதான். அவனுடைய தகரக் கொட்டகையில் சுவர் முழுக்க ஆணியடித்து ஸ்பேனர்கள் தொங்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் உருவத்தைக் கறுப்பு பெயின்ட்டில் வரைந்து வைத்திருந்தான். எது இடத்தில் இல்லையென்று கதவிலிருந்தே தெரியும். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் குடித்தான். ஒளிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். சாயங்காலம் ஆனால் கை நடுங்க ஆரம்பிக்கும். என் தங்கை பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. ஒருநாள் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலுக்கு அந்த நிலையிலேயே போய் நின்றான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அப்பாவைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி, கூடப் படிக்கிறவளின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு நிறுத்தினான். என் தங்கை தலையில் கை வைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னான். பதினாலு மாதம் தொடவில்லை.

தங்கை ஒருநாள் துறைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. இங்க யாரும் அவரு கையில கிளாஸைக் குடுக்கக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"என்னைத் தாண்டி எவன் குடுப்பான்? நீ நிம்மதியாப் போ" என்றேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். ஏற்படுத்தியவனே நான்தான், அதில் எனக்குப் பெருமை வேறு. புதுப் படகு தண்ணீரில் இறங்கினால் முதல் ஓட்டத்துக்கு மூன்றே பேர் போவோம்: நான், ஓட்டுகிறவன், இன்ஜினைப் பொருத்திய மெக்கானிக். நட்ட நடு ஏரியில் இன்ஜினை அணைப்போம். நான் என் கையால் மெக்கானிக்குக்குக் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பேன். அவன் குடித்த பிறகுதான் இன்ஜினை மறுபடி எழுப்ப வேண்டும். ஆணி குடியை நிறுத்திய பிறகு புதுப் படகு எதுவும் வரவில்லை, அதனால் பிரச்சினையும் வரவில்லை. அப்புறம் பதினோராவது வந்தது.

தண்ணீரில் மிதக்க வைக்கிற லைஃப் ஜாக்கெட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பயணிகள் ஏறினால் ஜாக்கெட் மாட்டாமல் படகை நகர்த்த மாட்டேன், அதில் நான் கறார். ஆனால் நாங்கள் போட மாட்டோம். போட்டால் ஏரிக்காரன் இல்லை என்று ஒரு வீறாப்பு. முப்பது வருஷமாக என் ஆட்களில் ஒருத்தனும் ஜாக்கெட் போட்டதில்லை என்று நானே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார் தட்டியிருக்கிறேன்.

புதுப் படகில் பன்னிரண்டு புது ஜாக்கெட் இருந்தது. எல்லாம் ஆரஞ்சு நிறம், பிளாஸ்டிக் கவருக்குள் காற்றுப் புகாமல் ஒட்டியது. மறுநாள் லைசென்ஸ் அதிகாரி பார்வையிட வருகிறார். "எவனும் கவரைப் பிரிக்காதீங்க. புதுசுன்னு அவரு கண்ணுக்குத் தெரியணும்" என்று சொல்லியிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் அவற்றை மெத்தை போலப் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டு போனோம்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஓட்டியவர் எங்கள் துறையின் மூத்த படகோட்டி, எல்லாரும் அவரைக் கேப்டன் என்போம். நடு ஏரியில் அணைத்தார். நான் ஊற்றினேன். எனக்கும் கேப்டனுக்கும் ஏற்கெனவே ஆளுக்கு ரெண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது.

"வேண்டாம் மச்சான்" என்றான் ஆணி.

"சும்மா ஒரு கிளாஸ்டா. படகுக்கு நல்லது."

"படகுக்கு ஊத்துங்க, குடிக்கட்டும். எனக்கு வேண்டாம். அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வீட்டம்மாகிட்ட லீவு லெட்டர் எழுதி வாங்கணுமோ ஆணி?" என்று கேப்டன் சிரித்தார்.

நானும் சிரித்தேன். "அவ என் தங்கச்சிடா. நான் பதில் சொல்லிக்கிறேன். பத்துப் படகுக்கு இல்லாத சகுனத்தடையை இதுக்குப் பண்ணாதே."

கிளாஸை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தேன். முதலாளி கை, மச்சான் கை. எத்தனை நேரம்தான் நீட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்? வாங்கினான். கண்ணை மூடிக் குடித்தான். அடுத்ததையும் நானே ஊற்றினேன். அதையும் வாங்கிக் குடித்தான்.

கேப்டன் இன்ஜினை எழுப்பி வேகம் கொடுத்தார். ஆணி வழக்கம் போலத் திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். நின்றபடியே குனிந்து காதை வைத்தான். கால் நிலை கொள்ளவில்லை என்பதை நான் பார்த்தேன், பார்த்தும் சிரித்தேன். கேப்டன் வேகத்தோடு வேகமாக ஒரே திருப்பாகத் திருப்பினார். ஆணி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

திரும்பி அவனிடம் வருவதற்குள் கேப்டன் இரண்டு தடவை தப்பான பக்கம் வளைத்தார். ஆணி நன்றாக நீந்துவான், இந்த ஏரியில் வளர்ந்தவன். அன்றைக்கு நீந்தவில்லை, அடித்துக்கொண்டான். நான் ஒரு ஜாக்கெட்டை எடுத்து வீசினேன், இன்னொன்றையும் வீசினேன். இரண்டும் அவன் பக்கத்தில்தான் விழுந்தன. அவன் பிடித்தான். கவர் வழுக்கியது. மார்போடு அணைக்கப் பார்த்தான், சோப்பு மாதிரி நழுவி அந்தப் பக்கம் மிதந்தது. மாட்டிக்கொள்ளக் கை நுழைக்க ஓட்டை இல்லை, பிடிக்க வார் இல்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக மடித்து ஒட்டியிருந்தது. நான் பல்லால் கடித்து மூன்றாவது கவரைக் கிழித்துக்கொண்டிருந்தபோது அவன் தலை தெரிந்தது. கிழித்து முடித்தபோது தெரியவில்லை.

குதித்தேன். ஏரியை அக்கரை வரை நீந்திப் பெயர் வாங்கியவன் நான். குதித்ததும் மூச்சு அடைத்தது, கை கால் என் சொல் கேட்கவில்லை. கேப்டன் என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். ஆணியை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "குடிச்ச உடம்பு தண்ணியில சீக்கிரம் சூட்டை விட்டுடும் ஐயா. மூச்சும் தடுமாறும், திசையும் தெரியாது. நீச்சல் தெரிஞ்சிருந்தாலும் உதவாது. உடம்புல ஜாக்கெட் இருந்திருந்தா மயங்கினாக்கூட முகம் மேல நின்னிருக்கும்" என்றார். முப்பது வருஷ ஏரிக்காரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பழைய குடிகாரன், ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறான், விழுந்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்காததால் கேப்டனும் திறக்கவில்லை. தங்கை வீட்டில் போய் உட்காரும்போதெல்லாம் அவள் ஒன்றையே சொல்வாள்:

"என் தலையில கை வெச்சுட்டுப் பொய் சொல்லிட்டாரே அண்ணே. பதினாலு மாசமும் பொய்தானா?"

பிள்ளை மூலையில் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு கேட்டபடி இருக்கும். புருஷன் செத்ததற்கு அழுததைவிட, அவன் ஏமாற்றினான் என்பதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். அதைத் துடைக்க என் ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்கு அப்புறம் எனக்குத் தங்கை இருக்க மாட்டாள். பதினோரு நாள் அதை மென்று முழுங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நானும் கேப்டனும் உட்கார்ந்திருந்தோம். தங்கை சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுத்தர் வாசித்தார்: "மேற்படி மெக்கானிக் தாமாகவே மது அருந்திய நிலையில் நிலைதடுமாறி..." வாசித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நீட்டிய கிளாஸ் மாதிரியே அதுவும் என் மூஞ்சிக்கு நேரே நின்றது. தங்கை தலை இன்னும் கீழே போனது.

"தாமாகவேன்னு போட்டிருக்கீங்க. அது தப்பு சார்" என்றேன்.

கேப்டன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"நான்தான் ஊத்தினேன். அவன் வேண்டாம்னு சொன்னான். கேலி பண்ணிக் குடிக்க வெச்சது நாங்க ரெண்டு பேரும். ஜாக்கெட் கவரைப் பிரிக்காதேன்னு சொன்னதும் நான்தான். அப்படியே எழுதுங்க."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"என்னது?"

"வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னாரு?"

"ரெண்டு தடவை. உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னும் சொன்னான்."

அவள் எழுந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளில் முதல் முறையாக நேராக நின்றாள்.

"என் பொண்ணு நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா. அதுக்குள்ள இதை ஊர்ல எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எதிரே டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ஆரம்பித்தேன்.